குட்டி வீடு உங்களுக்குச் சரிவருமா? முடிவெடுக்கும் முன் செய்து பார்க்க ஒரு முழு வழிகாட்டி

குட்டி வீட்டுக்கு மாறலாமா என்று யோசிக்க ஆரம்பித்ததும் பெரும்பாலானவர்கள் பொருட்களைத்தான் எண்ணத் தொடங்குகிறார்கள். எத்தனை சட்டை, எத்தனை பாத்திரம், எத்தனை புத்தகம். பாதியைக் கழித்துவிட்டால் போதும், வாழ்ந்துவிடலாம் என்று ஒரு கணக்கு. பொருட்களைக் கழிப்பது கஷ்டம்தான், ஆனால் அது ஒரு தடவை செய்து முடிக்கிற வேலை. தினம் தினம் இடிக்கப்போவது வேறொன்று. குட்டி வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு காரியம் நடக்க இடம் இருக்காது. ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் போனில் வாய்விட்டுப் பேச முடியாது. மேசையில் வேலையை விரித்து வைத்திருந்தால் அதே மேசையில் தட்டு வைக்க முடியாது. ஒருவர் குளிக்கப் போனால் மற்றவர் கழிவறைக்குக் காத்திருக்க வேண்டும். பெரிய வீட்டில் சுவர்கள் செய்துவந்த வேலையை இங்கே கடிகாரம் செய்ய வேண்டியிருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டி திரும்பத் திரும்பக் கேட்கப்போவது இதைத்தான்: உங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் என்னென்ன நடக்கிறது, அதில் எதையெல்லாம் முன்னே பின்னே தள்ளிவைக்க முடியும்? படிகளை வரிசையாகச் செய்யுங்கள். முதல் சில படிகளுக்குப் பைசா செலவில்லை. அங்கேயே "நமக்கு இது வேண்டாம்" என்று தெரிந்துவிட்டால் பெரிய மிச்சம்.

எந்த அளவைப் பற்றிப் பேசுகிறோம்

அமெரிக்காவில் பல இடங்களில் பின்பற்றப்படும் சர்வதேசக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு, குட்டி வீட்டுக்கென்றே ஒரு பின்னிணைப்பைச் சேர்த்தது. படுக்கைப் பரணைக் கணக்கில் சேர்க்காமல் 400 சதுர அடி, அதாவது சுமார் 37 சதுர மீட்டர், அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் அது குட்டி வீடு. சக்கரத்தின் மேல் கட்டப்படுபவை இதைவிடச் சிறியவை. சாலையில் இழுத்துப்போகும் வண்டிக்கு அகல வரம்பு உண்டு. அமெரிக்காவில் பொதுவாக 8.5 அடி, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2.55 மீட்டர். சிறப்பு அனுமதி இல்லாமல் அதைத் தாண்ட முடியாது.

விளம்பரத்தில் வரும் சதுர அடி பெரும்பாலும் வெளி அளவு என்பதைக் கவனியுங்கள். 8.5 அடி அகலம், 24 அடி நீளம் என்றால் 204 சதுர அடி. இரண்டு பக்கமும் சுவரும் உள்ளே வைக்கும் வெப்பத்தடுப்பும் சேர்ந்து பக்கத்துக்கு அரை அடி எடுத்துக்கொண்டால் உள்ளே அகலம் 7.5 அடி, நீளம் 23 அடி. கையில் மிஞ்சுவது சுமார் 172 சதுர அடி. ஒரு பக்கம் 2 அடி ஆழத்தில் சமையல் மேடை வைத்தால் நடப்பதற்கும் உட்காருவதற்கும் 5.5 அடி அகலம். வரைபடத்தில் தாராளமாகத் தெரியும் இடம் காலடியில் இப்படித்தான் இருக்கும்.

படி 1: எதற்காக என்று எழுதுங்கள்

ஒரு தாளில் காரணங்களை எழுதுங்கள். கடன் வேண்டாம், வீட்டு வேலை குறையட்டும், இயற்கைக்குப் பக்கத்தில் இருக்கலாம், ஊர் மாறிக்கொண்டே இருக்கலாம், மனசு லேசாகும். எதுவானாலும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கேள்வி: இது குட்டி வீட்டால் மட்டும்தான் நடக்குமா?

கடன் வேண்டாம் என்பதுதான் காரணம் என்றால் ஒரு சிறிய வாடகை வீடு அதே வேலையைச் செய்யலாம். இயற்கைதான் காரணம் என்றால் வீட்டின் இடம் முக்கியம், அளவு முக்கியமில்லை. வீட்டு வேலை குறையும் என்பது பாதி உண்மை. பத்து நிமிடத்தில் கூட்டிவிடலாம், சரி. ஆனால் ஒரு துண்டைக் கழற்றிப் போட்டால்கூட வீடே அலங்கோலமாகத் தெரியும். எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பது உங்களுக்குச் சுபாவமாக இருந்தால் குட்டி வீடு சுகம். இல்லையென்றால் நாள் முழுக்க ஒழுங்குபடுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

மனசு லேசாகும் என்ற காரணத்தில்தான் எனக்கு அதிகத் தயக்கம். மனக்கஷ்டத்தில், வேலைச் சலிப்பில், ஒரு உறவு முறிந்த கையோடு இந்த முடிவை எடுக்காதீர்கள். வீடு சிறிதானதும் தப்பிப் போக இன்னொரு அறை இருக்காது. அப்போது அந்தக் கஷ்டம் இன்னும் நெருக்கமாகத் தெரியும்.

படி 2: ஒரு வாரம் வீட்டைக் கவனித்து எழுதுங்கள்

மொத்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு தாளில் இடது பக்கம் மணி நேரங்களை எழுதிக்கொள்ளுங்கள். மேலே வீட்டில் இருப்பவர்கள் பெயர். ஒரு வாரத்துக்கு, யார் எந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று சுருக்கமாகக் குறியுங்கள். கூடவே அந்தக் காரியத்துக்கு என்ன வேண்டும் என்றும் குறிக்க வேண்டும்: அமைதி, வெளிச்சம், இருட்டு, மேசை, தரையில் இடம், தண்ணீர், தனிமை. அதனால் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன வரும் என்பதும் முக்கியம்: சத்தம், வெளிச்சம், ஆவி, வாசனை.

வார முடிவில் ஒரே நேரத்தில் நடந்து, ஒன்றுக்கொன்று ஒத்துவராத காரியங்களை வட்டமிடுங்கள். ஒருவர் இரவு 10 மணிக்குப் படுக்கிறார், இன்னொருவருக்கு 11 மணி வரை விளக்கு வேண்டும் என்றால் அது ஒரு வட்டம். ஒருவர் காலையில் வீடியோ கூட்டத்தில் இருக்கிறார், அப்போதுதான் சமையல் நடக்கிறது என்றால் அது இன்னொன்று. இப்போதைய வீட்டில் இவை மோதல்களாகவே தெரிந்திருக்காது. நடுவில் ஒரு கதவு இருந்திருக்கும்.

அடுத்து, வட்டங்களை மூன்றாகப் பிரியுங்கள். சுலபமாக நேரம் மாற்றக்கூடியவை, மனக்கசப்போடு மாற்றக்கூடியவை, மாற்றவே முடியாதவை. இரவுப் பணி, கைக்குழந்தையின் தூக்கம், வேறு நேர மண்டலத்தில் இருக்கும் அலுவலகம், குறட்டை எல்லாம் மூன்றாம் வகை. தனியாக இருப்பவருக்கு வட்டங்களே ஏறக்குறைய இருக்காது. குட்டி வீடு தனியாளுக்குச் சுலபமாகப் பொருந்துவதற்கு இதுதான் காரணம். இருவர் இருக்கும் வீட்டில் மூன்றாம் வகையில் ஓரிரண்டு இருந்தால் பேசித் தீர்க்கலாம், ஒரு கதவோ காதுக்குப் போடும் அடைப்பானோ போதும். தினமும் வரக்கூடியவை அதற்கு மேல் இருந்தால், பெரிய அளவைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி மடக்குக் கட்டில் வைத்த ஒற்றை அறை வீட்டில் இருந்தார்கள். காலையில் கட்டிலைச் சுவரோடு ஏற்ற வேண்டுமென்றால் முதலில் போர்வைகளை மடித்துப் பட்டையால் கட்ட வேண்டும், தலைமாட்டில் இருக்கும் தண்ணீர்ச் செம்பு, கண்ணாடி, சார்ஜர் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும், எதிரே இருக்கும் நாற்காலியை நகர்த்த வேண்டும். அதற்கப்புறம்தான் அதே இடத்தில் மேசை இறங்கும். எல்லாம் சேர்ந்து நாலைந்து நிமிட வேலைதான். ஆனால் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் பகலிலும் படுத்திருந்தால் மேசை இறங்கவே இறங்காது. மற்றவர் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து வேலை பார்ப்பார். வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு அந்தக் கட்டில் அழகாக மேலே ஏறுவது மட்டும்தான் தெரியும். மடக்குகிற பொருள் எதைப் பார்த்தாலும் "இதை நான் மடக்கவில்லை என்றால் அன்றைக்கு வீட்டில் எது நடக்காது?" என்று கேட்டுப் பாருங்கள்.

படி 3: தரையில் டேப் ஒட்டுங்கள்

நீங்கள் நினைத்திருக்கும் வீட்டின் உள் அளவை இப்போதைய வீட்டின் பெரிய அறையிலோ மொட்டைமாடியிலோ சாக்பீஸாலோ மாஸ்கிங் டேப்பாலோ வரையுங்கள். கட்டிலுக்குக் கட்டில் அளவு, மேடைக்கு 60 சென்டிமீட்டர் ஆழம், குளியலறைக்கு அதன் இடம். கதவு திறக்கும் வட்டத்தையும் வரைய வேண்டும், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். குளிர்சாதனப் பெட்டியின் கதவு, அடுப்புக்குக் கீழே இழுக்கும் டிராயர், குளியலறைக் கதவு. மூன்றும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றனவா என்று பாருங்கள்.

பிறகு அந்தக் கோட்டுக்குள்ளேயே ஒரு மாலைப் பொழுதைக் கழியுங்கள். சமைப்பதுபோல் நின்று பாருங்கள், இன்னொருவரைப் பின்னால் கடந்துபோகச் சொல்லுங்கள். இருவர் ஒருவரையொருவர் தாண்டிப் போக 90 சென்டிமீட்டராவது வேண்டும். அதற்குக் குறைந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். தினமும் எத்தனை தடவை ஒதுங்குவீர்கள் என்பதும் உங்களுக்கே தெரியும்.

படி 4: உடம்பைக் கேளுங்கள்

பரணில் படுக்கை என்பது குட்டி வீட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது. தரை இடத்தை மிச்சப்படுத்த அதைவிடச் சுலபமான வழியும் இல்லை. ஆனால் அதில் ஏறி இறங்கப்போவது உங்கள் முழங்கால்.

வளர்ந்த ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தால் இருக்கையிலிருந்து உச்சந்தலை வரை சுமார் 90 சென்டிமீட்டர். மெத்தை 15 சென்டிமீட்டர். ஆக, பரணுக்கும் கூரைக்கும் நடுவில் குறைந்தது 105 சென்டிமீட்டர் இருந்தால்தான் தலை இடிக்காமல் உட்காரவே முடியும். பல வடிவமைப்புகளில் கூரையின் நடுவில் மட்டும்தான் இந்த உயரம் கிடைக்கும், ஓரத்தில் படுப்பவர் உருண்டுதான் வெளியே வர வேண்டும். மெத்தை விரிப்பு மாற்றுவதுகூட மண்டியிட்டுச் செய்கிற வேலை.

நடு இரவில், தூக்கக் கலக்கத்தில், கழிவறைக்கு இறங்கி ஏறுவதை நினைத்துப் பாருங்கள். காய்ச்சலில், கால் சுளுக்கில், கர்ப்ப காலத்தில். இப்போது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கூட இன்னும் பத்து வருடம் அங்கே இருக்க நினைத்தால், கீழேயே படுக்க ஒரு வழி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ஏணியைவிடப் படிக்கட்டு நல்லது, அதன் அடியில் டிராயர் வைத்தால் இடமும் வீணாகாது.

இன்னொன்று, இதில் சமரசமே கூடாது. தீப்பிடித்தால் புகை முதலில் மேலேதான் சேரும். நீங்கள் படுத்திருப்பதும் அங்கேதான். முன்பு சொன்ன விதித்தொகுப்பு, தூங்குவதற்கான பரணுக்கு ஆள் வெளியேறக்கூடிய ஜன்னல் வேண்டும் என்கிறது. கூரையில் திறக்கும் ஜன்னலாக இருந்தாலும் சரி. அந்த விதி உங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் அந்த ஜன்னலை வையுங்கள்.

படி 5: கூட இருப்பவர்களிடம் பேசுங்கள்

"உனக்குச் சம்மதமா?" என்று கேட்டால் போதாது. ஆசையோடு இருக்கும் ஒருவரிடம் மற்றவர் சம்மதம்தான் சொல்வார். படி 2இல் வட்டமிட்ட தாளை நடுவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மோதலிலும் யார் விட்டுக்கொடுப்பது என்று பேசுங்கள். எல்லா வட்டத்திலும் ஒரே ஆள்தான் விட்டுக்கொடுக்கிறார் என்று தெரிந்தால், சம்மதம் சொன்னவர் உண்மையில் பொறுத்துப் போகத் தயாராகிறார் என்று அர்த்தம். அது எத்தனை மாதம் தாங்கும் என்று யோசியுங்கள்.

சண்டை வந்தால் எங்கே போவது என்பதையும் பேசிவிடுங்கள். கொஞ்ச நேரம் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஒரு திண்ணையோ, வெளியில் ஒரு நாற்காலியோ, நடந்துபோக ஒரு பாதையோ வேண்டும். மழையிலும் பயன்படுவதாக இருந்தால் இன்னும் நல்லது. குழந்தைகள் இருந்தால், இன்றைய வயதை வைத்து முடிவெடுக்காதீர்கள். மூன்று வயதில் ஒட்டிக்கொண்டே திரிகிற பிள்ளை பதின்மூன்றில் கதவைச் சாத்திக்கொள்ளக் கேட்கும். நாயும் பூனையும்கூட வீட்டு ஆட்கள்தான், அவற்றின் படுக்கையையும் கிண்ணத்தையும் டேப் கோட்டுக்குள் வரைந்து பாருங்கள்.

படி 6: வெளியே உங்களைத் தாங்குவது எது?

இருபதாம் நூற்றாண்டின் பெரிய கட்டடக் கலைஞர்களில் ஒருவரான லெ கார்பூசியர், பிரான்ஸின் மத்தியதரைக் கடலோரத்தில் 1952இல் தனக்கென்று ஒரு மரக்குடிலைக் கட்டிக்கொண்டார். 3.66 மீட்டருக்கு 3.66 மீட்டர், 2.26 மீட்டர் உயரம், அவ்வளவுதான். கட்டில், மேசை, அலமாரி எல்லாம் அங்குலம் அங்குலமாக யோசித்துச் செய்தவை. ஆனால் அதில் சமையலறை கிடையாது. ஒட்டியே இருந்த சிற்றுண்டி விடுதிக்குப் போக குடிலிலிருந்தே ஒரு கதவு இருந்தது, சாப்பாடு அங்கே. வரைவதற்குப் பக்கத்தில் தனியாக இன்னொரு சிறு கொட்டகை போட்டுக்கொண்டார். அவர் அதில் தங்கியதும் விடுமுறைக் காலங்களில்தான்.

குடில் அவருக்குப் போதுமானதாக இருந்ததற்குக் காரணம் அதன் திறமையான வடிவமைப்பு மட்டும் இல்லை. சமையலையும் வேலையையும் குடிலுக்கு வெளியே உள்ளவை சுமந்தன. நன்றாக நடக்கும் எந்தக் குட்டி வீட்டைப் பார்த்தாலும் இப்படி ஒன்று இருக்கும். நடந்துபோகும் தூரத்தில் நூலகம், வேலைக்குத் தனி இடம், துணி துவைக்கும் கூடம், தோட்டம், விருந்தாளிகள் தங்க பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீடு.

உங்கள் தாளில் இருக்கும் மாற்ற முடியாத மோதல்களை எடுத்து, ஒவ்வொன்றையும் வெளியில் எது தாங்கும் என்று எழுதுங்கள். அந்த இடம் எத்தனை மணி வரை திறந்திருக்கும், அதற்கு மாதம் என்ன செலவு, அடைமழையில் போக முடியுமா என்றும் சேர்த்து எழுதுங்கள். வெளியே எதுவும் இல்லாத இடத்தில் ஒதுக்குப்புறமாகக் குட்டி வீடு போட நினைப்பவர்களுக்கு இந்தப் படி கொஞ்சம் கசக்கும். சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்று நம்மவர்கள் சொன்னதை நான் முழுமனதோடு நம்புகிறேன். அப்படி வாழ்ந்தவர்களுக்குச் சுற்றிலும் முற்றமும் திண்ணையும் தெருவும் மனிதர்களும் இருந்தார்கள்.

படி 7: பொருட்கள்

எண்ணிக்கையை விடுங்கள், கன அளவைப் பாருங்கள். ஒரே அளவுள்ள அட்டைப்பெட்டிகளை வாங்கி, கண்டிப்பாக வேண்டும் என்பவற்றை அதில் அடுக்குங்கள். புதிய வீட்டின் அலமாரி, டிராயர், படுக்கைக்கு அடி எல்லாம் சேர்த்து எத்தனை பெட்டி கொள்ளும் என்று கணக்கிடுங்கள். மிஞ்சியவற்றை ஒரு அறையில் பூட்டிவைத்து மூன்று மாதம் பாருங்கள். வெளியே வாடகைக்குக் கிடங்கு எடுத்து அடைத்துவைப்பது தீர்வாகாது, அது வீட்டின் இன்னொரு அறைக்கு மாதாமாதம் வாடகை கட்டுவதுதான்.

சிலவற்றைக் குறைக்கவே முடியாது: தொழில் கருவிகள், தையல் மெஷின், இசைக்கருவி. அவை உங்கள் சந்தோஷத்தின் பகுதி என்றால் அவற்றுக்கு இடம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத் திட்டமிடுங்கள்.

படி 8: ஈரம், சூடு, தண்ணீர், கழிவு

படங்களில் தெரியாத பகுதி இது. குட்டி வீட்டில் ஆண்டு முழுக்க வாழ்கிறவர்கள் அதிகம் பேசுவதும் இதைப் பற்றித்தான்.

முதலில் ஈரம். ஒருவர் தூங்கும்போது மூச்சிலும் வியர்வையிலும் மணிக்குச் சுமார் 40 கிராம் நீர் ஆவியாகிறது. இருவர் எட்டு மணி நேரம் தூங்கினால் அரை லிட்டருக்கு மேல். சமையல் வாயு ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை கிலோ நீராவி உண்டாகும். குளியல், பாத்திரம் கழுவுவது, உள்ளே காயப்போடும் துணி எல்லாம் வேறு. பெரிய வீட்டில் இந்த ஈரம் பரந்து கரைந்துவிடும். சின்ன அறையில் அது போய்ச் சேருமிடம் குளிர்ந்த ஜன்னல் கண்ணாடி, மூலைச் சுவர், மெத்தையின் அடிப்பக்கம். அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். மெத்தையைப் பலகை மேல் நேராகப் போடாமல் இடைவெளி விட்ட சட்டங்களின் மேல் போட வேண்டும். குளியலறையிலும் அடுப்புக்கு மேலேயும் காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். ஒரு ஈரப்பதமானி வாங்கி வையுங்கள். 60 சதவீதத்தைத் தாண்டி நின்றுகொண்டே இருந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். வாயு அடுப்போ விறகு அடுப்போ இருந்தால் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் ஒரு இரவுகூடத் தூங்காதீர்கள்.

சூடு இரண்டு விதமாகப் படுத்தும். வீடு சிறிதாக இருக்க இருக்க, உள்ளே இருக்கும் காற்றின் அளவோடு ஒப்பிட்டால் வெளியைத் தொடும் சுவரும் கூரையும் அதிகம். அதனால் வெயிலும் குளிரும் சீக்கிரம் உள்ளே இறங்கும். அதே சமயம் சூடான காற்று மேலே ஏறிப் பரணில் தங்கும். கீழே இதமாக இருக்கும் இரவிலும் மேலே புழுங்கும். வீடு பார்க்கப் போனால் வெயில் உச்சியில் இருக்கும்போது பரணில் ஏறிப் பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள்.

குழாய் இணைப்பு இருந்தால் தண்ணீர் பற்றிக் கவலையில்லை. தொட்டித் தண்ணீர் என்றால் கணக்கு வேண்டும். சாதாரண ஷவரில் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் போகும், ஐந்து நிமிடக் குளியலுக்கு 40 முதல் 50 லிட்டர். 300 லிட்டர் தொட்டி இருவருக்கு மூன்று நாள் குளியலுக்கே தீர்ந்துவிடும். அந்தத் தொட்டி நிறைந்திருந்தால் 300 கிலோ எடை, சக்கர வீட்டில் அதையும் சேர்த்துத்தான் இழுக்க வேண்டும். உள்ளே வரும் தண்ணீர் எல்லாம் அழுக்காகி வெளியே போயாக வேண்டும், அதற்கு எங்கே வழி என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கழிவுநீர்க் குழாய் இல்லாத இடத்தில், தண்ணீர் ஊற்றி அடித்துவிடாமல் கழிவை மக்கவைக்கும் கழிவறை வைப்பார்கள். சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும் வகை நன்றாகவே வேலை செய்யும், சரியாகப் பராமரித்தால் நாற்றமும் அடிக்காது. பராமரிப்பு என்றால் சிறுநீர்க் கொள்கலனைச் சில நாட்களுக்கு ஒருமுறை காலி செய்வது, மரத்தூளோ தேங்காய் நாரோ போடுவது, திடக் கழிவைப் பாதுகாப்பாக மக்கவிடுவது. இதை யார் செய்வார் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். முகம் சுளிப்பவர் இருந்தால், குழாய் இணைப்புள்ள இடத்தை மட்டுமே தேடுங்கள்.

படி 9: சட்டமும் நிலமும்

வீட்டுக்கு முன் நிலம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் மூன்று கேள்விகளை எழுத்திலேயே கேளுங்கள்: குடியிருப்புக்குக் குறைந்தபட்ச அளவு விதி இருக்கிறதா, சக்கரத்தின் மேல் உள்ள வீட்டில் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி உண்டா, தண்ணீர், மின்சாரம், கழிவுக்கு என்ன இணைப்பு கட்டாயம். பல இடங்களில் சக்கர வீடு சட்டத்தின் பார்வையில் வண்டி. வண்டியை நிறுத்திவைக்கலாம், அதில் குடியிருக்கக் கூடாது என்று சொல்லும் இடங்கள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு புகார் கொடுத்தால் காலி செய்ய வேண்டிவரும். வாய்வார்த்தையாகச் சொன்ன அனுமதியை நம்பிப் பணம் போடாதீர்கள்.

அடிக்கடி இடம் மாறலாம் என்பதற்காகச் சக்கரம் வேண்டுமென்றால் எடையைப் பாருங்கள். ஐரோப்பாவில் சாதாரண டிரெய்லரின் மொத்த எடை வரம்பு 3,500 கிலோ. வசதியாக வாழும்படி கட்டிய வீடு அந்த எடைக்குள் அடங்குவது பெரும்பாடு. கனமான வீட்டை இழுக்கக் கனமான வண்டி வேண்டும், அதற்குத் தகுந்த ஓட்டுநர் உரிமம் வேண்டும், ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் அனைத்தையும் கட்டி இறுக்க வேண்டும். நகர்த்த வேண்டிய தேவை உண்மையாக இல்லையென்றால் அடித்தளம் போட்டுக் கட்டுங்கள். அகலம் கூடும், சுவர் தடிக்கும், உயரம் நிமிரும்.

படி 10: பணம்

மொத்த விலை குறைவு. ஆனால் ஒரு சதுர அடிக்கான விலை பெரும்பாலும் பெரிய வீட்டைவிட அதிகம். வீட்டில் செலவு பிடிப்பவை சமையலறை, குளியலறை, மின்சாரம், குழாய். இவை எல்லாம் குட்டி வீட்டிலும் உண்டு. செலவில்லாத வெறும் தரைதான் குறைகிறது. மடக்கும் கட்டில், இடத்துக்கென்று அளவெடுத்துச் செய்த அலமாரி எல்லாம் கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதைவிட விலை கூடியவை.

வீட்டின் விலையோடு இவற்றையும் சேருங்கள்: நிலம் அல்லது மாத வாடகை, இணைப்புச் செலவு, காப்பீடு, இழுத்துவரும் கூலி, படி 6இல் எழுதிய வெளிச் செலவுகள். பிறகு அதே தொகையில் இரண்டு மடங்கு பெரிய, சாதாரணமான ஒரு பழைய வீடோ அடுக்ககமோ கிடைக்குமா என்று பாருங்கள். சக்கர வீட்டுக்கு வங்கிகள் பொதுவாக வழக்கமான வீட்டுக் கடன் தருவதில்லை, வேறு வகைக் கடன் என்றால் வட்டி கூடும், தவணைக் காலம் குறையும். மதிப்பும் வண்டியைப் போல இறங்கும். வருடம் போகப் போக மதிப்பு ஏறுவது பெரும்பாலும் நிலத்துக்குத்தான். நிலம் உங்களுடையதாக இல்லையென்றால் இந்தப் பணத்தைச் சேமிப்பு என்று நினைக்காமல் செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்போதும் கட்டுப்படியாகிறது என்றால் தாராளமாக முன்னேறுங்கள்.

படி 11: கெட்ட காலத்தில் தங்கிப் பாருங்கள்

வாடகைக்குக் கிடைக்கும் குட்டி வீட்டில் ஒரு வார இறுதி தங்கினால் எல்லோருக்கும் பிடிக்கும். அது விடுமுறை. இரண்டு வாரமாவது தங்குங்கள், வேலை நாட்களில், உங்கள் ஊரில் மோசமான பருவம் எதுவோ அதில். அலுவலக வேலையை அங்கிருந்தே செய்யுங்கள், துணி துவைத்துக் காயப்போடுங்கள், மூன்று வேளையும் உள்ளேயே சமையுங்கள், ஒருநாள் இருவரை விருந்துக்கு அழையுங்கள். வெளியே போய்ச் சாப்பிட்டுச் சமாளித்தால் சோதனை செல்லாது.

தினமும் இரவு ஆளுக்கு ஒரு வரி, தனித்தனியாக, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் எழுதுங்கள்: இன்றைக்கு எதற்காகக் காத்திருந்தேன்? கடைசி நாளில் இரண்டு தாளையும் சேர்த்து வைத்துப் படியுங்கள். முதல் வாரத்தில் நிறைய எழுதி இரண்டாம் வாரத்தில் குறைந்திருந்தால் பழகிக்கொள்கிறீர்கள். இரண்டாம் வாரத்தில் கூடியிருந்தால், குறிப்பாக ஒருவருடைய தாளில் மட்டும் கூடியிருந்தால், அந்த அளவு உங்களுக்குப் போதாது. 200 சதுர அடி போதாதவருக்கு 400 தாராளமாக இருக்கலாம். நடுவில் ஒரு உண்மையான சுவரும் கதவும் வந்துவிட்டால் நிலைமையே மாறிவிடும். அதனால் "முடியாது" என்று தெரிந்தால் ஆசையைக் கைவிடாமல் அடுத்த அளவில் ஒரு தடவை தங்கிப் பாருங்கள்.

படி 12: திரும்பி வரும் வழியை முன்பே எழுதுங்கள்

எல்லாப் படியும் சாதகமாக வந்திருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு பக்கம் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தால் காலி செய்வோம்: குழந்தை, பெற்றோரைக் கூட வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை, முழங்கால் வலி, நில உரிமையாளர் மனம் மாறுவது. அப்படி நடந்தால் எங்கே போவோம், வீட்டை விற்பதா வாடகைக்கு விடுவதா, விற்கச் சில மாதங்கள் ஆனால் அதுவரை எங்கே இருப்போம். இடம் மாறி ஆறு மாதம் வாடகை கட்டும் அளவுக்குப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவையுங்கள். முதல் வருடம் முடியும் வரை பழைய வீட்டுச் சாமான்களில் திரும்ப வாங்கக் கஷ்டமானவற்றை மட்டும் நம்பகமான ஒருவர் வீட்டில் விட்டுவையுங்கள். வருடம் முடிகிற நாளைக் காலண்டரில் குறித்து, அன்றைக்கு அந்தப் பக்கத்தையும் படி 2இன் தாளையும் எடுத்து, வட்டங்களை மறுபடி போட்டுப் பாருங்கள்.